ஒன்பது பேருக்கு ஒரு கூடம்

வெளிநாட்டுப் பயணத்தில் குடும்பம் முழுவதற்கும் தங்குமிடம் பிடிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ, அவர்கள் அனைவருக்கும்,



நீங்கள் வீட்டின் மூத்த மகளாக இருக்கலாம். மாப்பிள்ளையாக இருக்கலாம். கல்லூரி முடித்த பேரனாகவும் இருக்கலாம். "நீயே பார்த்து முடிச்சிடு, நீ பண்ணினா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருப்பார்கள். நீங்கள் எல்லாரும் தூங்கிய பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஓட்டலாகத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். திருச்சியிலிருந்து இரண்டு முறை ஒன்பது பேரைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போயிருக்கிறேன். முதல் முறை என் அம்மா நடுராத்திரியில் ஓர் ஓட்டலின் நடைவழித் தரையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உங்கள் அம்மாவுக்கு அது நடக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கணக்கு இது: அப்பா, அம்மா, நான், என் கணவர், எங்கள் பிள்ளைகள் இருவர், தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தை. ஆறு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் ஒன்பது பேர் என்பது ஒரு எண்ணிக்கையே இல்லை. ஒரு ஹாலில் பாயை விரித்தால் தீர்ந்தது. வெளிநாட்டு நகரத்தில் ஓட்டல் அறைகள் இரண்டு பேரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. கூட ஒரு குழந்தைக்கு இடம் தருவார்கள், சில இடங்களில் இரண்டு குழந்தைகளுக்கு. தேடும் இடத்தில் ஒன்பது என்று போட்டதும் ஓட்டல்கள் எல்லாம் மறைந்துபோய், முழு வீடுகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். நான் முதலில் ஏமாந்தது அங்கேதான்.

மூன்று படுக்கையறை, பத்துப் பேர் தங்கலாம், நீச்சல் குளம் உண்டு என்று ஒரு காண்டோ (தனியார் அடுக்குமாடி) வீட்டின் விளம்பரம். படங்கள் அழகாக இருந்தன. நான்கு ஓட்டல் அறைகளுக்கு ஆகும் செலவில் பாதிதான். பாதிப் பணம் கட்டிவிட்டேன். சாங்கி விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தபோது வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது: வாசலில் காவலாளி கேட்டால் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள், லிஃப்டில் யாரோடும் பேச்சுக் கொடுக்காதீர்கள். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

"அவங்க பேரு என்னம்மா?"

"தெரியலப்பா."

"பேரு தெரியாதவங்களை எப்படிச் சொந்தம்னு சொல்றது? பேரப் பிள்ளைங்க பக்கத்துல நிக்கும்போது என்னால அதைச் சொல்ல முடியாது."

அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பிதான் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பனுக்குப் போன் போட்டான். அவன் சொன்னதைக் கேட்டு எனக்குக் கை நடுங்கியது. சிங்கப்பூரில் காண்டோ போன்ற தனியார் வீடுகளைத் தொடர்ந்து மூன்று மாதத்துக்குக் குறைவாக யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது. 2017 வரை அது ஆறு மாதமாக இருந்தது. வீவக வீடுகளுக்கு, அதாவது அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடி வீடுகளுக்கு, இன்றும் ஆறு மாதம்தான். சுற்றுலாப் பயணிக்கு அவற்றை வாடகைக்குக் கொடுக்கவே முடியாது. தனியார் வீடுகளுக்கான விதியை நடைமுறைப்படுத்துவது நகர மறுசீரமைப்பு ஆணையம். மீறினால் 2 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். 2018-இல் காண்டோ வீடுகளை இப்படி நாள் வாடகைக்கு விட்ட இரண்டு பேருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் விதித்தது நீதிமன்றம். அபராதம் வாடகைக்கு விடுபவரைத்தான் தேடி வரும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் பெட்டியோடு தெருவில் நிற்பது நாம். போதாததற்கு, சிங்கப்பூருக்குள் நுழையும் ஒவ்வொருவரும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதில் தங்கும் முகவரியைக் கேட்பார்கள். (அந்த அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.) அப்பா பேரிலும் அந்தக் காண்டோவின் முகவரியை எழுதிக் கையொப்பம் இட்டதைப் போல நான் அனுப்பியிருந்தேன்.

வீடு மலிவாகக் கிடைக்கிறது என்று உங்களில் யாராவது இப்போது ஒரு காண்டோவைக் குறித்து வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே விட்டுவிடுங்கள். கட்டிய பணம் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. அதைக்கூட நான் மறந்துவிட்டேன். விமான நிலையத்தில் அப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த கோலத்தை மறக்க முடியவில்லை.

அன்றைக்குக் கிடைத்த ஓட்டலில் நான்கு அறைகள் எடுத்தோம். மூன்று தளங்களில் சிதறிக் கிடந்தன. அப்பா அம்மாவுக்கு ஒன்பதாம் தளம், நாங்கள் ஐந்தில், பிள்ளைகளுக்கு எங்களுக்கு எதிரே ஓர் அறை, தம்பி குடும்பத்துக்கு மூன்றில். அப்பா அம்மா அறைக்கு ஜன்னல் இல்லை என்பதைத் தவிர அறைகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாயங்காலம் குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு எல்லாரும் படுத்தோம். அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்குப் பேத்தியைப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வெளியே வந்திருக்கிறார். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. அறை அட்டையோ விளக்கு எரிவதற்காகச் சுவரில் செருகியபடி உள்ளேயே இருந்தது. அட்டை இல்லாமல் லிஃப்ட் எந்தத் தளத்துக்கும் நகராது. அப்பா காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குபவர், தட்டியது கேட்கவில்லை. பிறத்தியார் தூக்கம் கெடுமே என்று அம்மாவும் பலமாகத் தட்டவில்லை. சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். மூன்றரை மணிக்கு ரோந்து வந்த ஊழியர் பார்த்து, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, பேர் கேட்டிருக்கிறார். அம்மா என் பேரையும் "திருச்சி" என்பதையும் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அந்த ஊழியர் பதிவேட்டில் தேடி என் அறைக் கதவைத் தட்டினார். அம்மாவின் கை சில்லென்று இருந்தது.

"உன்னை எழுப்ப வேண்டாம்னுதான் இருந்தேன்" என்றார்.

அந்த ராத்திரிக்குப் பிறகு நான் தங்குமிடம் தேடும் விதமே மாறிப்போனது. அதற்கு முன்பு எத்தனை கட்டில், என்ன விலை, கடலோ கோபுரமோ தெரியுமா என்று பார்ப்பேன். இப்போது முதலில் கேட்பது, ராத்திரி சாப்பிட்டு முடித்து ஒன்பது பேரும் எங்கே உட்காருவோம் என்பதை. ஒரே கூடத்தில் உட்கார இடமிருந்தால் மற்ற பல சிக்கல்கள் தாமாகத் தீர்ந்துவிடும். குழந்தை அழுதால் பாட்டிக்குக் கேட்கும். நாளைக்கு எங்கே போவது என்பதை வாட்ஸப்பில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாத்திரை போட்டாரா என்று அப்பாவைக் கேட்க நான்கு தளம் ஏற வேண்டாம். ஊர் சுற்றுவது பகலில் ஆறேழு மணி நேரம்தான். மிச்ச நேரம் குடும்பமாக இருப்பதற்குத்தானே எல்லாரும் சேர்ந்து கிளம்புகிறோம்?

சட்டப்படி அப்படிப்பட்ட கூடம் கிடைப்பது சர்வீஸ் அபார்ட்மெண்டில். படுக்கையறைகள், கூடம், அடுப்போடு சமையலறை, பெரும்பாலும் துணி துவைக்கும் இயந்திரமும் இருக்கும். குறைந்தது ஏழு நாள் தங்க வேண்டும் என்பது சிங்கப்பூரில் இவற்றுக்கான விதி. ஓட்டலாகவும் உரிமம் பெற்ற இடங்கள் அதற்குக் குறைவான நாளுக்கும் கொடுக்கும். இரண்டாம் பயணத்தை ஐந்து இரவிலிருந்து ஏழு இரவாக நீட்டியது இதற்காகவே. பணம் கூடுதல் என்று தம்பி தயங்கினான். காலைச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு இரண்டையும் அறையிலேயே முடித்துக்கொண்டதில் பெரும்பகுதி ஈடானது.

ஏழு நாள் இல்லாதவர்கள் ஓட்டலில் கனெக்டிங் ரூம் கேளுங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ளேயே கதவு இருக்கும். அடுத்தடுத்த அறை என்பது வேறு, உள்கதவுள்ள அறை என்பது வேறு. வரவேற்பில் இரண்டுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டுவார்கள். பதிவு செய்யும்போது "முயற்சி செய்கிறோம்" என்று எழுதினால் அது உறுதி ஆகாது. உள்கதவுள்ள அறை உறுதி என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு போன் செய்து இன்னொரு தரம் கேளுங்கள். நான்கு பேர் படுக்கும் குடும்ப அறைகளும் உண்டு, ஆனால் ஓர் ஓட்டலில் ஒரு சிலதான் இருக்கும். மாதக் கணக்கில் முன்னதாகப் பிடித்தால்தான் கைக்கு வரும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நான்கு பேருக்கு அறை எடுத்துவிட்டு ஆறு பேரை உள்ளே நுழைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு பிள்ளையைக் கடைப் பக்கம் அழைத்துப் போய், பதிவு முடிந்த பிறகு கூட்டிவருவது. கட்டணம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் தீ விபத்து என்று மணி அடித்தால் ஓட்டல் ஆள் பதிவேட்டைப் பார்த்துத்தான் தலை எண்ணுவார். அந்த எண்ணிக்கையில் உங்கள் பிள்ளை இருக்க வேண்டும். நாங்கள் இரண்டாம் முறை ஒன்பது பேரின் வயதையும் எழுதி அனுப்பினோம். மூன்று படுக்கையறை வீட்டில் ஆறு பெரியவர், கூடுதல் படுக்கைகளில் இரண்டு பிள்ளைகள், சின்னது பெற்றோரோடு என்று ஒப்புக்கொண்டு பதில் வந்தது. உண்மையைச் சொன்னதால் ஒன்பது துண்டும் ஒன்பது தட்டும் தயாராக இருந்தன.

படுக்கைக் கணக்கில் கவனம் தேவை. எட்டுப் பேர் தங்கலாம் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அதில் இரண்டு பேர் சோபாவை விரித்துப் படுப்பவர்கள். சோபா கூடத்தில் இருக்கும். அதில் படுப்பவர் எல்லாரும் தூங்கிய பிறகு தூங்கி, எல்லாருக்கும் முன்பு எழ வேண்டும். முழங்கால் வலி உள்ளவரை அதில் படுக்க வைக்காதீர்கள். அதைவிடக் குளியலறையை எண்ணுங்கள். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் என்றாலும் ஒன்பது பேர் ஒரே குளியலறையில் குளித்துக் கிளம்ப இரண்டேகால் மணி நேரம் ஆகும். இரண்டு இருந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கழிப்பறையில் கைக்குழாய் உண்டா என்றும் வெட்கப்படாமல் கேளுங்கள். பெரியவர்கள் இதை நம்மிடம் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் இல்லாத கழிப்பறையால் நாள் முழுவதும் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிடுவார்கள்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அது சும்மா இல்லை. பத்து சதவீதச் சேவைக் கட்டணம், அதைச் சேர்த்த தொகையின் மேல் பொருள் சேவை வரி. 2024 ஜனவரியிலிருந்து வரி 9 சதவீதம். 300 வெள்ளி என்று கண்ணில் பட்ட அறை கையில் வரும்போது 359 வெள்ளி 70 காசு. ஆண்டுதோறும் நடக்கும் கார் பந்தய வாரத்திலும் சீனப் புத்தாண்டை ஒட்டியும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, விலை எங்கோ போய்விடும்.

எந்த இடத்தில் எடுப்பது என்று கேட்டால், வயதானவர்களோடு போகும் நம்மவர்களுக்கு லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவும் அதை அடுத்த ஃபேரர் பார்க்கும்தான் என் முடிவு. நகரத்தின் நடுவே, கடற்கரையோரக் கோபுரங்களுக்கு அருகே தங்கினால் படம் எடுக்க நன்றாக இருக்கும். அப்பாவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு இட்லி வேண்டுமென்றால் அங்கே என்ன செய்வது? சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து கோமள விலாஸ் உணவகம் இருக்கிறது. தேக்கா சந்தையில் மீனும் கறியும் கிடைக்கும். பக்கத்துப் பஃபலோ சாலையில் கறிவேப்பிலை, வாழையிலை, மல்லிகைப்பூ எல்லாம் உண்டு. வீரமாகாளியம்மன் கோயிலும் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலும் அதே சாலையில். லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் என்ற இரண்டு எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. நிலையத்தின் பெயர் தமிழிலும் எழுதியிருக்கும், அம்மா அதைப் பார்த்து இறங்கக் கற்றுக்கொண்டார். ஆனால் அந்தப் பகுதியில் இரண்டு விஷயங்களைப் பார்த்து எடுங்கள். பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டிய சிறு விடுதிகள் சிலவற்றில் லிஃப்ட் கிடையாது, படிகளும் செங்குத்தானவை. விலை குறைந்த அறைகள் பலவற்றுக்கு ஜன்னலே இருக்காது. ஜன்னல் இல்லாத அறையில் மூன்றாம் நாள் அப்பா நேரம் காலம் தெரியாமல் தவித்ததை முதல் பயணத்தில் பார்த்தேன்.

கார் விஷயம் சுருக்கமாக. டாக்சியில் நான்கு பேர்தான். ஏழு பேர் ஏறும் பெரிய டாக்சியை முன்பதிவு செய்யலாம். ஒன்பது பேருக்கு எப்படியும் இரண்டு வண்டி வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அதில் விலக்கு உண்டு, செயலியில் வரும் தனியார் காருக்குக் கிடையாது.

சொந்தக்காரர் வீட்டில் தங்கலாமே என்பார்கள். பணம் வாங்காமல் உறவினரை வீட்டில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அவர்கள் "நாலறை வீடு" என்றால் நான்கு படுக்கையறை என்று நினைத்துவிடாதீர்கள். வீவக கணக்கில் கூடமும் ஓர் அறை. படுக்கையறை மூன்றுதான். அதிலும் அவர்கள் நான்கு பேர் இருப்பார்கள், காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் ஓட வேண்டியவர்கள். ஒரு நாள் சாப்பிடப் போங்கள், பழத்தோடும் முறுக்கோடும் போங்கள், ராத்திரி உங்கள் இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். உறவு நிலைக்கும்.

திருச்சியிலிருந்து நேராகப் போகும் விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். இரவில் கிளம்பினால் அதிகாலையில் இறங்குவீர்கள். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அறையோ பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். எழுபது வயதுக்காரரை விடியற்காலையிலிருந்து மூன்று மணி வரை ஓட்டல் முகப்பில் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரியவர்கள் இருவருக்கான ஓர் அறையை மட்டுமாவது முந்தைய இரவிலிருந்தே எடுத்துவிடுங்கள், காலையில்தான் வருவோம் என்று எழுதியும் வையுங்கள். வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம்.

சிங்கப்பூர் தவிர வேறு ஊருக்குப் போகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சில வரிகள். பல பெருநகரங்கள் இப்போது தம் மக்களுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று நாள் வாடகையைக் கட்டுப்படுத்துகின்றன. அதில் நியாயம் இருக்கிறது. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, முப்பது நாளுக்குக் குறைவான வாடகை என்றால் வீட்டுக்காரர் கூடவே தங்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஆம்ஸ்டர்டாமில் விடுமுறைக்கு விடும் வீட்டில் நான்கு பேர்தான். பார்சிலோனா 2028-க்குள் சுற்றுலா வீடுகளின் உரிமம் அனைத்தையும் நிறுத்தப் போவதாக அறிவித்திருக்கிறது. பாரிசில் விளம்பரத்தில் நகராட்சிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே முதல் மாடி என்பது தரைத்தளத்துக்கு மேலே உள்ளது. ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை என்றால் ஐந்து மாடியையும் ஏற வேண்டியது உங்கள் அம்மா. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எங்கும் ஒன்றுதான்: இந்த ஊரில் இத்தனை பேர், இத்தனை நாள், இந்த வீட்டில் தங்குவதற்கு அனுமதி உண்டா? வீட்டுக்காரர் சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

இரண்டாம் பயணத்தின் முதல் நாள் சாயங்காலம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஐந்து முறை மேலும் கீழும் போய்வந்தார். அட்டையை எங்கே காட்டுவது, எந்தப் பொத்தானை அழுத்துவது, கதவில் பச்சை விளக்கு வந்த பிறகு கைப்பிடியை எப்படித் திருப்புவது என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் பேர், அறை எண், என் போன் நம்பர் எழுதிய சீட்டை அட்டையோடு சேர்த்து ஒரு கயிற்றில் கோத்து அம்மா கழுத்தில் போட்டேன். ராத்திரி கூடத்தில் ரசம் சாதம் சாப்பிட்டோம். பிள்ளைகள் தரையிலேயே தூங்கிப்போனார்கள். தூக்கிப் படுக்க வைக்க நாலடி நடந்தால் போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை எழுந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். சிங்கப்பூரில் ஏழு மணி வரை விடியாது, வெளியே இருட்டு. எனக்கு அந்த நடைவழித் தரைதான் கண்முன் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே போனேன். கதவில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, கைப்பிடி திரும்பியது. அம்மா நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அட்டை, கையில் ஒரு முழம் மல்லிகை, நெற்றியில் பெருமாள் கோயில் குங்குமம்.

"எல்லாரும் அசந்து தூங்கினீங்க. காபி போடட்டுமா?" என்றார்.

அன்புடன்,
உங்களைப் போலவே அறை தேடிய ஒருத்தி,
திருச்சி